கரை ஏறியவை

மூடிப்போன வங்கிக் கிளையின் ஏலத்தில்
தொள்ளாயிரம் ரூபாய்க்கு எடுத்தது.
நெற்றியில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
நகைக்கடன் – 2.
ஐஸ் கம்பெனி மாடிப்படிக்குக் கீழே
நண்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து
பாம்பன் தெற்குவாடி முழுமைக்கும்
இந்த மிஷின்தான் சர்வர்.

விசிறி சுற்றுமுன் மூன்று முறை இருமும்.
நான்காவதும் இருமினால்
பக்கவாட்டில் ஒரு தட்டு.
எந்தக் கையேட்டிலும் இல்லாத வைத்தியம்,
நம்புராணி கண்டுபிடித்தது.
ராம் பட்டையில் பச்சை பூத்தால்
பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் போடுகிறேன்.
இங்கே உப்பு
குழம்பில் மட்டும்தான் அளவாக இருக்கும்.

கரண்ட் போனால்
யாரோ வள்ளத்திலிருந்து கழற்றிப்போட்ட பேட்டரி.
அதுவும் போனால்
நானும் ஒரு சாக்பீஸும் சுவரும்.

கச்சான் எழும்பினால்
வெளிக் கோபுரத்தின் சிக்னல் படுத்துவிடும்.
அப்போதும் வாடிக்குள் நானூறு மீட்டருக்கு
எல்லாம் நடக்கும்:
மூன்று கம்பெனியின் நண்டு விலை,
ஐஸ் பார் மிச்சம் எத்தனை,
பாசிக்குப் போகிறவர்களுக்கு
நீர் வற்றும் நேரம்,
கிறிஸ்துராஜ் தொலைத்த ஒற்றைச் செருப்பின் படம்
(மூன்று வருடமாக. அழிக்க விடமாட்டேன் என்கிறான்).

பிறகு அந்தப் பக்கம்.
தலைப்பு: கரை ஏறியவை.
டோக்கன் அறையில் அருள்சீலன்
தூக்கக் கண்ணோடு ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவான்.
எண் வந்தால் படகு வந்தது.
படம் கிடையாது, நிறம் கிடையாது.
கிழட்டு மிஷின், பாரம் ஏற்றக் கூடாது.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை
எல்லாம் நின்றுவிட்டது.
விலை வரவில்லை.
ஏலக்காரர் வாயில் எதெதுவோ வந்தது.
குத்துக்காலிட்டுத் திரையைத் திறந்தேன்.
டிஸ்க் நூற்றுக்கு நூறு.
திருட்டுப் படம் என்று நினைத்தேன்.
சந்தியாகு வீட்டுக் கல்யாண வீடியோ
என்று நினைத்தேன்.
இல்லை.
யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று
மிஷின் தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்த ஏடு.
நான் ஒருநாளும் கூட்டிப் பெருக்காத மூலை.
அதுதான் வீங்கிக் கிடந்தது.

பிரித்தேன்.
பாதிக்கு மேல் ஒரே போன்.
ஒரே பக்கம்.
இரவு ஒன்றரைக்குத் தொடங்கி
நொடிக்கு ஒரு தரம்,
கரை ஏறியவை, கரை ஏறியவை, கரை ஏறியவை.
சில நாள் நாலேகால் வரை. சில நாள் ஐந்தரை.
எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன்.
417 பதிவான நிமிடத்தில் நிற்கிறது.
எல்லா இரவும்.

அந்தப் போனை எனக்குத் தெரியும்.
பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததே நான்.
அந்த வீட்டுக்கும் 417-க்கும்
பச்சைத்தண்ணிப் புழக்கம் கிடையாது,
கோயில் கொடை வாங்க வருகிறவர்கள்கூட
இரண்டு நோட்டோடு வருவார்கள்.
இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறர் வீட்டு ஜன்னலில்
முகம் வைத்து மாட்டிக்கொண்டது மாதிரி.
இன்னும் கீழே போனால் என் போனும் இருக்கும்.
போகவில்லை.
மொத்தமாக அழித்தேன்.
இனி எழுதாதே என்று ஒரு வரி சேர்த்தேன்.
மூன்று இருமல். பக்கவாட்டில் ஒரு தட்டு.
நண்டு விலை வந்தது. முந்தின நாளைவிடப் பத்து ரூபாய் குறைவு,
அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

என்னடி ஆச்சு என்றாள் நம்புராணி.
எலி, என்றேன்.
வயரைக் கடிச்சிருச்சா?
ஆமா.

இப்போது இரவு ஒன்றரைக்கு
ரவுட்டரின் பச்சை விளக்கு
நிற்காமல் துடிக்க ஆரம்பிக்கும்.
யார் கேட்கிறார்கள் என்று
எங்கேயும் எழுதப்படுவதில்லை.
நான் போர்வையை இழுத்துக்கொண்டு
மறுபக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

நம்புராணி வாங்கி வைத்த எலிப்பொறி
மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
இதுவரை ஒன்றும் விழவில்லை.
கருவாட்டுத் துண்டை மட்டும்
ஏதோ தின்றுவிட்டுப் போயிருக்கிறது.